டன்னக்கா போட்ட லினக்ஸ்

எடைமேடைக் கேபினில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்மணிக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் சம்பளப் பட்டியலைத் தாண்டி அதற்கு எங்கேயும் வேலையில்லை. லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவள் டன்னக்கா. வருகிற வண்டியின் டயர் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்று ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பாள், "பதினெட்டரை டன் இருக்கும்" என்பாள். மேடையில் ஏற்றிப் பார்த்தால் கால் டன் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தால் என்ன தப்பு? பதினோரு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த பெயர் அது.

கேபின் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எட்டடிக்கு ஆறடி. ஒரு மேசை, ஒரு சக்கரம் கழன்ற சுழல் நாற்காலி, சிவப்பு எண்கள் ஒளிரும் எடைப்பெட்டி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். சுற்றிலும் பழைய இரும்புக் கிடங்குகள். அங்கே ஏற்றிய லாரிகள் இவளுடைய மேடையில் ஏறி எடைபோட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு உருக்காலைக்குப் போகும். எடைப்பெட்டி காட்டும் எண்ணைக் கம்ப்யூட்டர் கம்பி வழியாக வாங்கிச் சீட்டாக அடித்துக் கொடுக்கும். அச்சடித்த சீட்டுதான் உருக்காலையில் செல்லும். கையால் எழுதிய சீட்டை நீட்டினால், ஏதோ காதல் கடிதம் கைமாறி வந்துவிட்டது போல வாசல் காவலாளி முகத்தைச் சுளிப்பான்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் ஒரு நாள் காலையில் புகை விட்டுப் படுத்துவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினான். உள்ளே இருந்த சீட்டு புரோகிராமும் அதோடு போயிற்று. அதை எழுதிக் கொடுத்த ஆட்கள் கடையை மூடி எத்தனையோ காலம் ஆகிறது.

மூன்றாம் நாள் முதலாளி ஒரு கம்பெனி ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. புது மெஷின் வைத்தால் கேமராவே வண்டி நம்பரைப் படிக்கும், எடையைத் தானே எடுக்கும், சீட்டைத் தானே துப்பும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். கடைசியில், டன்னக்கா அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்கிற நினைப்பே இல்லாமல், "கேபின்ல ஆளே தேவையில்ல சார்" என்றான்.

முதலாளி கெட்டவர் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கம்பெனி ஆள் போனபிறகு, இரண்டு வாரம் அவகாசம் கேட்டிருப்பதாகவும், அதற்குள் வேறு வழி ஏதாவது தென்பட்டால் பார்க்கலாம் என்றும் சொன்னார். மனசு கேட்காமல் சொன்ன வார்த்தைதான். டன்னக்கா அதை அப்படியே வாக்காக எடுத்துக்கொண்டாள். வேறு போக்கிடம்? அந்த நாற்காலி போனால் நாற்பத்தாறு வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போகிறார்கள்?

கிடங்குகளில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை லோடு ஏற்றுவது நின்றுவிடும். அந்த இரண்டு மணி நேரமும் அவள் தன் போனில் தேட ஆரம்பித்தாள். எடைப்பெட்டியின் கம்பியை வேறு எதில் மாட்டலாம் என்றுதான் தேடினாள். தேடப்போன இடத்தில், பழைய போனில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டுக் குட்டிக் கம்ப்யூட்டராக ஓட்டுகிற ஒரு கூட்டமே அகப்பட்டது. லினக்ஸ் யாருக்கும் தனிச்சொத்து இல்லை, யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், கேட்டால் சொல்லித்தரவும் ஆள் உண்டு என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பள்ளி முடித்த கையோடு ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவள் அவள், அதுவும் வகுப்பில் முதலாவதாக. அதற்கப்புறம் சீட்டு அடிக்கிற ஒரு பொத்தானைத் தவிர வேறு எதையும் யாரும் அவளை அமுக்கச் சொல்லவில்லை.

வீட்டில் மகள் வெளியூர் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன போன் ஒன்று கிடந்தது. புது ஆப் எதுவும் அதில் ஏறாது. பள்ளி வேன் ஓட்டுகிற வீட்டுக்காரர் அதை அலாரம் வைக்க வைத்திருந்தார். அதை அவள் எடுத்துப் பையில் போட்டதும், தன்னை இனி யார் எழுப்புவது என்று மனுஷன் பாவமாகக் கேட்டார்.

"அது அடிச்சு என்னிக்குங்க நீங்க எழுந்திருக்கீங்க? கல்யாணம் ஆன நாள்லேருந்து நான்தானே எழுப்புறேன்" என்றாள் அவள்.

மகளின் கல்லூரிக்கால லேப்டாப்பைத் தூசு தட்டிக் கேபினுக்குக் கொண்டுபோனாள். முதலில், வேறு எதையும் ஏற்றவிடாமல் போனில் போட்டிருக்கும் பூட்டைத் திறக்க வேண்டும். தயாரித்த கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டால், ஏழு நாள் கழித்து வா என்றது. சொந்தப் போனைத் திறக்க ஏழு நாள்! பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த ஏழு நாளும் சிவப்பு எண்ணைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதினாள். பாதி லாரிகள் பத்து கிலோமீட்டர் சுற்றி வேறு எடைமேடைக்குப் போக ஆரம்பித்தன. முதலாளி கேபின் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் பூட்டு திறந்தது. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்து, லேப்டாப்பில் கம்பியைச் செருகி, எழுதி வைத்திருந்த கட்டளைகளை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து அடித்தாள். வரிகள் ஓடின. எல்லாம் முடிந்தது என்று காட்டியது. போனை எழுப்பினால், கம்பெனிச் சின்னம் வந்தது, அணைந்தது, மறுபடி வந்தது, அணைந்தது. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்ததும் போச்சே என்று அழுகை முட்டியது.

இணையத்தில் அந்தக் கூட்டத்தில் ஆந்தைப் படம் வைத்த ஒருவர் இருந்தார். எந்த நாடோ, ஆணோ பெண்ணோ, அவளுக்குத் தெரியாது. அவருக்கும் ஓட்டை இங்கிலீஷ், இவளுக்கும் ஓட்டை இங்கிலீஷ். அதனாலேயே இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று. நடந்ததைச் சொன்னாள். பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படி என்றார் ஆந்தை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தாள். அவள் இறக்கிப் போட்ட மாடலுக்கும் இதற்கும் முதுகில் பெயர் ஒன்றுதான், ஆனால் இதற்கு உள்ளே எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து கூடுதல். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டிருக்கிறாள்! தலையில் அடித்துக்கொண்டு, தம்பிக்கு உரியதை இறக்கி மறுபடி போட்டாள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றன. உன் பெயர் என்ன என்று கேட்டது போன். டன்னக்கா என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். உள்ளே விட்டது. கேபினில் தனியாக உட்கார்ந்துகொண்டு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர் என்ன அக்கா என்று எட்டிப் பார்த்தான்.

ஆனால் வேலை பாதிதான் முடிந்திருந்தது. தனியாகக் கரண்டு வாங்கும் ஒரு இணைப்புப் பெட்டியைப் போனில் மாட்டி, அதில் கீபோர்டு, பிரிண்டர், எடைப்பெட்டிக் கம்பி மூன்றையும் செருகினாள். காலி டிப்பர் ஒன்று மேடையில் ஏறியது. எடைப்பெட்டியில் 8640 கிலோ. போனில் 046800. நாற்பத்தாறு டன்னா? அந்த டிப்பரைப் பார்த்தால் நாற்பத்தாறு டன் மாதிரியா இருக்கிறது? அன்றைக்கு வந்தபோது இதே பெட்டியைச் சோதித்துவிட்டு, இது பழுது, இதையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று கம்பெனி ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அடுத்த வண்டி, பெட்டியில் 21350, போனில் 053120. இரண்டையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. பெட்டிக்கு ஒன்றும் கேடில்லை. எண்ணைப் பின்னாலிருந்து முன்னால் சொல்கிறது, அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டர் இத்தனை வருஷமும் சத்தம் காட்டாமல் அதைத் திருப்பிப் படித்திருக்கிறது.

எண்ணைத் திருப்புவதற்கு ஆந்தை ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார். மற்றதை அவளே எழுதினாள். அதில் ஓர் இடம் முழுக்க முழுக்க அவள் மூளை. லாரி ஏறி நின்றதும் மேடை ஆடும், எண் தாவும். அதனால் ஒரே எண் பத்துத் தடவை மாறாமல் வந்தால்தான் சீட்டு அடிக்க வேண்டும் என்று எழுதி வைத்தாள். சனிக்கிழமை மதியம் முதல் சீட்டு சரசரவென்று வெளியே வந்தது. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை. அவகாசத்தின் கடைசி நாள். காலையிலிருந்து போன்தான் சீட்டு அடித்தது. பத்தரை மணிக்கு முதலாளி கம்பெனி ஆளோடு வந்து, மேசையில் சாய்த்து வைத்திருந்த போனையும் அதிலிருந்து தொங்கும் கம்பிகளையும் பார்த்துத் திகைத்து நின்றார். கம்பெனி ஆள் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். அவள் விளக்கிச் சொல்ல ஆரம்பித்த நேரம் பார்த்து, காலையில் முதல் சீட்டு வாங்கிப்போன மீசைக்கார டிரைவர் காலி லாரியோடு திரும்பி வந்து ஜன்னலில் சீட்டைப் போட்டான். உருக்காலை எடைக்கும் இந்த எடைக்கும் தொண்ணூறு கிலோ இடிக்கிறது, வாசலில் அரைமணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள், மானமே போயிற்று என்று கத்தினான்.

கம்பெனி ஆளுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. எடை நிலைக்கும் முன்பே போன் எண்ணைப் பிடித்திருக்கும், இதெல்லாம் விளையாட்டுச் சாமான் சார் என்றான். முதலாளியின் முகம் தொங்கியது. "ஏம்மா, இது வேண்டாம்மா. கழட்டிரு" என்றார்.

டன்னக்காவுக்குக் காது சூடாகியது. பத்துத் தடவை பார்த்துத்தான் அடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, நம்ப வேண்டியது அவர்களல்லவா? தொண்ணூறு, தொண்ணூறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மீசைக்காரனை மேலும் கீழும் பார்த்தாள். டயரைப் பார்க்கிற அதே பார்வை.

"தம்பி, உருக்காலையில எடை போடும்போது கீழ இறங்குனியா?"

"அங்க யாருக்கா இறங்கச் சொல்றா? உட்கார்ந்துதான் இருந்தேன்."

"இங்க?"

"இங்க இறங்காம நீங்க விடுவீங்களா?"

வண்டியை மேடையில் ஏற்று, இறங்காமல் உட்கார் என்றாள். ஏற்றினான். சீட்டு வந்தது, 9210. இப்போது இறங்கி மேடைக்கு வெளியே வந்து நில் என்றாள். நின்றான். இன்னொரு சீட்டு வந்தது, 9120. இரண்டையும் முதலாளி கையில் வைத்தாள். அவர் கழித்துப் பார்த்தார். வாய்விட்டு இன்னொரு தடவை கழித்தார். அப்புறம் மீசைக்காரனைப் பார்த்தார். அங்கே நின்றிருந்த டிரைவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"அக்கா, சத்தமா சொல்லாதீங்க" என்றான் மீசைக்காரன். "வீட்ல எண்பதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

இடமே சிரித்தது. முதலாளிக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்பெனி ஆள் மட்டும் சிரிக்கவில்லை. அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு, கடைசியாக ஒன்று கேட்கிறேன் என்றான்.

"இன்னிக்கு ஓடுது, சரி. நாளைக்கே இது நின்னுபோனா யாரை சார் கூப்பிடுவீங்க? எந்தக் கம்பெனி வந்து பார்க்கும்?"

நியாயமான கேள்விதான். டன்னக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"எதுக்குப்பா கூப்பிடணும்? இந்த ஜன்னலைத் தட்டுனாப் போதும். போட்டவங்க இங்கதான் உட்கார்ந்திருப்பாங்க."

டன்னக்கா சக்கரம் கழன்ற நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மேடையில் அடுத்த லாரி ஏறி நின்றது, டிரைவர் இறங்கினான். சிவப்பு எண்ணை அவள் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. கண் கலங்கியிருந்தது. போன் பத்துத் தடவை பார்த்துவிட்டுச் சரியாகச் சீட்டை அடித்தது.