கேட்காத முப்பது ஜோடிக் கால்கள்

மைக் பழுதென்று எழுத்துமூலம் தெரிவித்தால் மூன்று வேலைநாளுக்குள் வேறு மைக் தர வேண்டும். எங்கள் பள்ளிக்கு நேரலை நடன வகுப்பு வந்தபோது கூடவே வந்த கையேட்டில் அப்படித்தான் இருந்தது. அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். பிற்காலத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தப்போகிறவளுக்கு ஏழாம் வகுப்பிலேயே தெரிந்த அறிகுறி.

தாயில்பட்டிப் பக்கத்துப் பள்ளி. சென்னையில் இருந்த டீச்சர் டிவித் திரையில் ஆடுவார். எங்களைக் காமிராவில் பார்ப்பார். நாங்கள் சொல்லும் வணக்கத்துக்குப் பதில் வணக்கமும் சொல்வார். கால் தட்டும் சத்தத்தை வைத்துத்தான் ஆண்டுவிழாவுக்கு எட்டுப் பேரை எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அந்த எட்டில் நான் இருந்தாக வேண்டும்.

"நல்லாத் தட்டுங்க!" என்றார். முப்பது பேரும் தட்டினோம்.

"ஒண்ணுமே கேக்கலையே. மைக் போச்சா?"

தலைமையாசிரியர் மைக் தந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தேர்வு தள்ளிப்போனது. நான் தினமும் அவர் அறை வாசலில் நின்றேன்.

"பதில் வந்துருச்சா சார்?"

"எம்புட்டு தடவ கேப்ப? நீ என்ன கலெக்டரா? போ புள்ள அங்கன!"

மூன்று வேலைநாள் மூன்று வாரமானது. அங்கிருந்து ஒருவர் வந்து மைக்கில் நாலு முறை 'ஹலோ' சொல்லிவிட்டுப் போனார். பொறுக்க முடியாமல் வீட்டுச் சிமெண்டுத் தரையில் தட்டிப் பழகினேன். பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்த அம்மா, வெடிமருந்து படிந்த கையோடு என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பைய வை புள்ள. மிதிக்காத. எத்தன தடவ சொல்ல?"

"டீச்சருக்குக் கேக்கணும்மா!"

"கேக்காட்டி போகுது."

பிடித்த பிடியை அவள் விடவில்லை. கோபம் என்றே நினைத்தேன். மருந்து அறையில் காலைத் தேய்க்கவோ ஓங்கி வைக்கவோ கூடாது, ஒரு பொறி போதும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நடை பழகிய நாளிலிருந்து எங்களைப் பூப்போலக் கால்வைக்கச் சொன்ன அம்மாக்கள் முப்பது பேரும் அதே வேன்களில் போய்வந்தவர்கள் என்பதை நான் கூட்டிப் பார்க்கவும் இல்லை.

எட்டுப் பேர் தேர்வு நடக்கவே இல்லை. ஆண்டுவிழாவில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆடினார்கள்; நான் நாற்காலி போட்டேன்.

'கருவி சோதிக்கப்பட்டது. பழுது ஏதும் இல்லை' என்று பதில் வந்தது. பச்சைப் பொய் என்று அழுதேன். அன்று விழாப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.