அஞ்சு வருஷம் போகட்டும்

கலிஃபோர்னியாவின் குபெர்டினோவில் எனக்கு முதல் வேலை கொடுத்த மேனேஜர் ஒரு தமிழர். நெற்றியில் விபூதி, அதற்கு மேல் உள்ளூர் ஐஸ் ஹாக்கி அணியின் தொப்பி. கோடையில் அணிகள் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்த மறுநாள், ஆபீஸே அவர்களுக்கு மார்க் போடும். அவர் மட்டும் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, "சின்னப் பசங்கப்பா. அஞ்சு வருஷம் போகட்டும், சொல்றேன்" என்பார்.

சொல்லவும் செய்வார். எல்லோரும் மறந்துபோன ஒருவனைப் பற்றி ஒருநாள் திடீரென்று, "அந்த கோல்கீப்பர் தேறிட்டான்" என்பார்.

டெக்ஸாஸில் வேறு வேலை கிடைத்து நான் கிளம்பிய அன்று, பார்க்கிங் லாட்டில் கேட்டேன். "சார், என்னையும் நீங்கதானே செலக்ட் பண்ணீங்க. நான் எப்படி?"

தொப்பியைச் சரிசெய்துகொண்டே சிரித்தார். "உனக்கும் அதே ரூல்தான்பா."

ஐந்து வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது. அவர் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. கேட்கத்தான் தைரியம் வரவில்லை. அவர் மறக்கிற ஆளும் இல்லை.