மைக் அக்காவின் கழுத்து

பேருந்து நிலையத்தில் அவளை எல்லாரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அறிவிப்பது அவள் வேலை. யாருக்கும் அடங்காத கண்டக்டர்கள்கூட அவள் மைக்கில் ஒரு தடவை அதட்டினால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார்கள். பக்கத்து டிக்கெட் கவுண்டரில் இருந்த எனக்கு அந்தக் குரலைக் கேட்காவிட்டால் பொழுதே போகாது.

நிர்வாகம் நிலையத்திலேயே இலவசத் தைராய்டு பரிசோதனை முகாம் வைத்தது. இலவசம் என்றால் சும்மா விடுவோமா? ஒரு வலியும் இல்லாத நாங்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். அக்காவுக்குத் தைராய்டில் பயறளவு கட்டி இருப்பதாகச் சொன்னார்கள்.

அரசு மருத்துவமனை டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இது நிறைய பேருக்கு இருக்கும்மா. ஒண்ணும் பண்ணாது. அடுத்த வருஷம் வாங்க, மறுபடி பாத்துக்கலாம். இப்ப எதுவும் வேண்டாம்."

வெளியே வந்ததும் அக்காவின் வீட்டுக்காரர் கொதித்தார். "ஒரு மாத்திரைகூட எழுதல. இவங்கல்லாம் என்ன டாக்டர்?"

நாங்கள் அப்படித்தான். ஊசி போடாத டாக்டரை மறுபடி எட்டிப் பார்க்க மாட்டோம். சும்மா இரு என்று சொல்லவும் படிப்பு வேண்டும் என்பது எங்கள் மண்டையில் ஏறாது.

தனியார் மருத்துவமனையில், "எடுத்துடறது நல்லது" என்றார்கள். குரலுக்கு ஏதாவது ஆகுமா என்று அக்கா கேட்டாள். அபூர்வம் என்றார்கள்.

"உனக்கு உயிரைவிட மைக் பெருசா?" என்றார் வீட்டுக்காரர்.

அவளுக்கும் பயம்தான். "உள்ள ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதுலேருந்து தூக்கமே வரலப்பா" என்று என்னிடம் சொன்னாள்.

கட்டியை எடுத்தார்கள். அது வெறும் கட்டி, புற்று இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் அதை எடுக்கும்போது குரல் நரம்பு அடிபட்டுவிட்டது. அக்கா வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மாதங்கள் போயும் குரல் திரும்பவில்லை. கூண்டில் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அக்காவை லக்கேஜ் அறைக்கு மாற்றினார்கள்.

அடுத்த வருடமும் முகாம் வந்தது. அன்று அக்காவைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரர், வாசலில் பழம் விற்பவளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நீயும் போய்ப் பாத்துடும்மா. நல்ல வேளையா கண்டுபிடிச்சாங்க, அதனாலதான் இவ இன்னைக்கு உயிரோட இருக்கா."

அவர் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நம்பினார். அதுதான் கொடுமை.

அக்கா பழக்காரியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

"வேண்டாம்னு சொல்றாங்க" என்று நானே சத்தமாகச் சொன்னேன்.

பழக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கல்லாம் பாத்துக்கிட்டீங்க. எனக்கு மட்டும் வேண்டாமா?"

கையை விடுவித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். அவள் முதுகைப் பார்த்து அக்கா இன்னும் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்.