கடைசி கேஜ் வரும்வரை

போன மாதம் கோலார் தங்க வயலில் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். பெங்களூரிலிருந்து என் அலுவலகத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் பின்பக்கம் போன என் டீம் லீடர், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மல்லாக்க வைத்திருந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டார். அதில் கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது. மனிதர் தண்ணீரைக் கொட்டினார், ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார், செல்போனை நீட்டிப் பிடித்துச் சிரித்தபடி படமும் எடுத்துக்கொண்டார். "அப்பாவோட மைன் ஹெல்மெட்டா? சூப்பர்" என்றார். அதைப் பிடுங்கி எறிய வேண்டும்போல எனக்குக் கை பரபரத்தது. திங்கட்கிழமை காலை ரயிலைப் பிடித்து அவர் முன்னால்தான் போய் உட்கார வேண்டும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அது அப்பாவின் ஹெல்மெட் இல்லை. விளையாட்டுச் சாமான். பெங்களூருக்கு வெளியே இருக்கிற அந்தப் பெரிய கேளிக்கைப் பூங்காவில் வாங்கியது. இன்று அந்தப் பூங்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. நாங்கள் போனபோது அது திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, வைத்த மரங்கள்கூட ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கவில்லை. நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மைனை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு எங்கள் நந்திதுர்க் பகுதி முழுக்க அடிபட்ட காலம் அது. "மூடறதுக்கு முன்னால ஒரு நாளாவது எல்லாரும் ஜாலியா போய்ட்டு வரலாம்" என்று ஆரம்பித்து வைத்தவர் அப்பாதான். எங்கள் தெருவை லைன் என்போம், தொழிலாளர் வீடுகள் கோடு போட்டதுபோல் வரிசையாக இருக்கும். லைன் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பஸ் பிடித்தோம். விடியற்காலையில் எழுந்து அம்மாவும் மற்ற பெண்களும் அண்டா நிறையப் புளிசாதம் கிளறினார்கள். பூங்கா வாசலில் வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். புளிசாதம் பஸ்ஸிலேயே கிடந்து வெந்தது. அன்றைய நாள் அப்படித்தான் தொடங்கியது.

உள்ளே ஒரு பொம்மைச் சுரங்கம் இருந்தது. சிமென்டில் பாறை செய்து, தங்க நிறம் அடித்து, குகை மாதிரி ஒரு வாசல் வைத்திருந்தார்கள். சின்னத் தொட்டி வண்டிகளில் ஆட்களை உட்காரவைத்து உள்ளே அனுப்புவார்கள். நடுவில் பூமி அதிரும், விளக்கு அணையும், கல் விழுவதுபோலச் சத்தம் வரும், பிறகு வண்டி மறுபக்கம் வெளியே வந்துவிடும். இதற்கு வரிசையில் நின்று டிக்கெட். எங்கள் ஆட்கள் சுரங்கம் என்று எழுதிய பலகையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னாப்பா, லீவு நாள்லயும் நம்மள ஷிப்ட்டு போடறாங்க" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. வாசலில் இருந்த கடையில் தம்பிக்கு அந்த மஞ்சள் ஹெல்மெட்டை அப்பா வாங்கிக் கொடுத்தார். அதை என்னிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டு, தம்பியையும் இழுத்துக்கொண்டு ஆண்களோடு உள்ளே போனார். பெண்கள் புல்தரையில் காலை நீட்டி உட்கார்ந்தோம்.

அடுத்து நடந்தது புரிய வேண்டுமென்றால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூமிக்குள் பாறை வெடித்துச் சரிவதை நாங்கள் பர்ஸ்ட் என்போம். பர்ஸ்ட் ஆனால் வீட்டுச் சுவர் உதறும், அலமாரியில் பாத்திரம் கிணுகிணுக்கும், கொஞ்ச நேரத்தில் சைரன் ஊதும். பெண்கள் ஸ்டவ்வை அணைத்துவிட்டுப் போட்டது போட்டபடி, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் வாசலுக்கு நடப்பார்கள். ஓட மாட்டார்கள். அழ மாட்டார்கள். யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். கீழே இருப்பவர்களைக் கேஜ், அந்த இரும்புக் கூண்டு லிப்ட், மேலே கொண்டுவரும்வரை நிற்பார்கள். தன் வீட்டுக்காரர் முதல் கேஜிலேயே வந்துவிட்டாலும் யாரும் நகரக் கூடாது. கடைசி கேஜ் வரும்வரை எல்லோரும் எல்லோருக்காகவும் நிற்க வேண்டும். அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, லைனில் பிறந்தால் வந்துவிடும்.

அம்மா அதை ஒரே ஒரு முறை மீறினாள். நான் சின்ன வகுப்பில் இருந்தபோது ஒரு பர்ஸ்ட். அப்பா சீக்கிரமே மேலே வந்துவிட்டார். வீட்டில் தம்பி காய்ச்சலில் கிடந்தான். அம்மாவின் அண்ணன், என் மாமா, அதே ஷிப்டில் கீழே இருந்தார். "உங்க அண்ணன் இன்னும் கீழ வேற லெவல்ல கீறான், அந்தப் பக்கம் ஒண்ணும் ஆவல, வா போவலாம்" என்று அப்பா கூப்பிட்டார். அம்மா வந்துவிட்டாள். மாமா கடைசி கேஜில் வந்தார், உயிரில்லாமல். வாங்குவதற்கு வாசலில் சொந்தம் என்று ஒருவர் இல்லை. யாரோ ஒரு அம்மாள் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் முகத்தை மூடினாளாம். அப்பா தெரிந்து பொய் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் நம்பினார். அம்மாவும் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் அந்தத் துண்டு யாருடையது என்று பல நாள் தேடினாள், கண்டுபிடிக்க முடியவில்லை.

பூங்காவில் நாங்கள் உட்கார்ந்திருந்த புல்தரை அதிர்ந்தது. பெரிய ஸ்பீக்கர்களைத் தரைக்குள் புதைத்து வைத்திருந்தார்கள் போல. உடனே சைரன், எங்கள் ஊர் சைரன் மாதிரியே அடிவயிற்றிலிருந்து ஏறுகிற ஊதல். பேசிக்கொண்டிருந்த அம்மாவின் வாய் பாதியில் நின்றது. எழுந்தாள். லைன் பெண்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள், அவர்களோடு நானும். செருப்பைக்கூடப் போடாமல் வண்டிகள் வெளியே வரும் வாசலுக்கு நடந்துபோய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையாக நின்றோம். விளையாட்டு என்று மூளைக்குத் தெரியும். கால் கேட்கவில்லை.

வெளியே வந்த ஜனங்களுக்கு வழி இல்லை. காவலாள் ஓடிவந்து, "பக்கக்கே ஹோகிம்மா" என்று கன்னடத்தில் ஓரமாகப் போகச் சொல்லிக் கையை ஆட்டி விரட்டினான். யாரும் அசையவில்லை. எந்த ஊர் என்று கேட்டான், யாரோ சொன்னார்கள். விளையாட்டை நடத்துகிற ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டான். "கோலார் தங்க வயல்லேருந்து வந்திருக்கிற அம்மாக்கள், உங்க வீட்டுக்காரங்களைப் பத்திரமா திருப்பித் தரோம். எல்லாரும் ஒரு கைத்தட்டு குடுங்க" என்றான். கூட்டம் கைதட்டியது. ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தி சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினாள். அந்தக் கைத்தட்டல் இன்றும் என் காதில் இருக்கிறது. இத்தனை வருடம் கழிந்தும் அவர்களில் ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. அவர்கள் கழுத்தில் கிடந்த தங்கம் எங்கிருந்து வந்தது என்று அந்த மைக்கில் யாராவது கேட்டிருக்கலாம்.

அப்பா தம்பியோடு வெளியே வந்தார். ஜனங்கள் சிரிப்பதைப் பார்த்து முகம் கறுத்தது. அம்மாவின் கையைப் பிடித்து, "வா, மானம் போவுது" என்று இழுத்தார்.

"கடைசி ஆளு வரட்டும்" என்றாள் அம்மா.

"உனக்கின்னா பைத்தியமா? இது பொம்மை."

"ஒரு தடவ நீ கூப்ட்ட, வந்தேன் இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அப்பாவின் கை தானாக விட்டது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா கடைசி வண்டியில் வந்து, அறுந்துபோன செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அம்மா திரும்பினாள். பஸ்ஸில் யாரும் பாடவில்லை. புளிசாதம் ஊசிப்போயிருந்தது. மறுநாள் காலை தம்பி அழ அழ, அம்மா அந்த ஹெல்மெட்டை வாங்கி மல்லாக்க வைத்துக் கோழிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

பிறகு மைனை மூடினார்கள். கடைசி ஷிப்ட் இறங்கிய அன்று பர்ஸ்ட் இல்லை, சைரன் இல்லை, யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் லைன் பெண்கள் போய் நின்றார்கள். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் நின்றேன். அப்பா நடுவில் ஒரு கேஜிலேயே மேலே வந்துவிட்டார். அம்மாவைப் பார்த்தார். வா என்று கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன். சாப்பாட்டுக் கேரியரைக் கையில் பிடித்தபடி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார், கடைசி கேஜ் வரும்வரை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு எங்களுக்குக் கைதட்ட ஒரு நாதியும் இல்லை. விளக்கையும் ஹெல்மெட்டையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. அப்பாவும் ஒப்படைத்துவிட்டு வெறுந்தலையோடு வீட்டுக்கு வந்தார். ஆயுள் முழுக்கப் பூமிக்குள் இறங்கியதற்கு அடையாளமாக எங்கள் வீட்டில் மிஞ்சியது இந்தப் பிளாஸ்டிக் சாமான்தான்.

இதை டீம் லீடரிடம் எப்படிச் சொல்வது? அப்பாவே வந்து சொன்னார். "அது பசங்க விளையாடறது சார். என்னுது கம்பெனில குடுத்துட்டேன்." அந்தப் பூங்காவில் வாங்கியது என்று தெரிந்ததும் டீம் லீடருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த மாதம் ஆபீஸ் குடும்ப விழா அங்கேதான் என்றார். அம்மாவைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்களும் கண்டிப்பா வரணும். அந்த மைன் ரைடு இன்னும் இருக்குது. அப்ப போனீங்களே, நீங்க ஏறினீங்களா?" என்று கேட்டார்.

அம்மா அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைத் தன் கையாலேயே கழற்றினாள். குழாயடியில் நன்றாக அலம்பினாள். தண்ணீர் பிடித்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"நான் ஏறலப்பா" என்றாள். "வெளிய நின்னேன்."