மல்லாட்டை வேரில் முடிச்சு

கலியமூர்த்தியை ஓரிடத்தில் உட்கார வைப்பதும் கோழியைக் குளிப்பாட்டுவதும் ஒன்று. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வெகுகாலம் பஸ் ஓட்டியவர். என்ஜினில் ஏதோ சத்தம் என்று பாதி வழியில் நிறுத்தி, பானட்டைத் திறந்து காதை உள்ளே விடுவார். ஒன்றும் இருக்காது. பயணிகள் திட்டுவது மட்டும் அந்தக் காதில் விழவே விழாது.

பஸ்ஸை விட்டபின் மேல்பட்டாம்பாக்கம் பக்கம் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்தார். போன வருஷம் கத்திரி. செடி மஞ்சளாகி வாடியது. பிடுங்கினால் வேரெல்லாம் வீங்கிய முடிச்சு. நூற்புழு. குழம்புக்குக்கூடக் காய் தேறவில்லை.

இந்த வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. இதுவும் போனால் நிலத்தை விட்டுவிட்டு சிப்காட் தொழிற்சாலையில் கேட் காவலுக்குப் போக வேண்டியதுதான். பகல் முழுக்க ஒரே நாற்காலி! அந்த நாற்காலி தினமும் கனவில் வந்தது.

செடி பூத்த சமயம், விடிந்ததும் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். வேரில் முடிச்சு. அடுத்ததிலும் முடிச்சு. கை நிற்கவில்லை. மனைவி பவானி வருவதற்குள் ஒரு பாத்தி மொட்டையாகிவிட்டது.

"யோவ், இன்னாய்யா பண்ற?"

"வந்துட்டுதுடி, அதே சனியன். மருந்து வாங்கிட்டு வரேன்."

"கத்திரி வாடி நின்னுது. இது கரும்பச்சையா நிக்குதே, கண்ணு தெரியல?"

"நோவு உள்ள இருக்கும்டி, என்ஜின் மாதிரி."

"உன் என்ஜின்ல என்னிக்குய்யா நோவு இருந்துது?"

கலியமூர்த்தி நாலு செடியை வண்டியில் மாட்டிக்கொண்டு நெல்லிக்குப்பத்தில் உபைதுல்லா கடைக்குப் பறந்தார். உபைதுல்லா முன்பு இவருடைய பஸ்ஸில் கண்டக்டர். இப்போது உரமும் பூச்சிமருந்தும் விற்கிறார்.

"மச்சான், நூற்புழுவுக்குக் குருணை மருந்து குடு. சீக்கிரம்."

உபைதுல்லா மருந்தை எடுக்காமல் செடியை வாங்கினார். முடிச்சை நகத்தால் லேசாகத் தள்ளினார். பொட்டென்று உதிர்ந்தது. கிள்ளிக் காட்டினார், உள்ளே இளஞ்சிவப்பு.

"கத்திரில இப்படி உதுந்துதா?"

"இல்லியே. வேரே வீங்கிக் கெடந்துது."

"அது வேருக்குள்ள பூந்து உறிஞ்சுற புழு. இது வேற கிருமி மச்சான். செடிகிட்ட சோறு வாங்கித் தின்னுட்டு, காத்துலேந்து தழைச்சத்தைப் புடிச்சி அதுக்கே குடுக்கும். ரெண்டும் ஒத்துமையா குடும்பம் நடத்துது, நீ போயி பிரிச்சி வுட்டுட்டு வந்திருக்க."

"கிருமியில இன்னாடா நல்ல கிருமி?"

"பவானி தங்கச்சிதான் வாங்கிட்டுப் போச்சி, கஞ்சித்தண்ணியில கலந்து வெதைக்குத் தடவ. கருப்பா ஒரு பொட்டலம். நீ பாக்கலியா?"

பார்த்திருந்தார். விதையில் ஒட்டியிருந்த கருப்பைத் தூசி என்று நினைத்து, பவானி விதைத்தது போக தன் கைக்குக் கிடைத்த விதையை எல்லாம் கழுவி விதைத்திருந்தார். அதை இப்போது சொல்லவில்லை. குருணை வாங்காமல் வண்டியைத் திருப்பினார்.

வயலில் பவானி மொட்டைப் பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கலியமூர்த்தி கிடந்த செடிகளைப் பொறுக்கி, குழி பறித்து, ஒவ்வொன்றாக நட ஆரம்பித்தார். தலை தொங்கிய செடிக்கு விரலால் முட்டுக் கொடுத்து மண்ணை அணைத்தார்.

"பொழைக்காதுய்யா."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

அவர் அடுத்த குழியைப் பறித்தார்.  பவானி முணுமுணுத்துக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போர்செட் பக்கம் நடந்தாள்.