காரையாற்றில் ஐந்து பேர்

எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் சிலேட்டைத் தொட்டதில்லை. அப்பா ஸ்ரீவைகுண்டத்தில் அடுத்தவர் வாழைத்தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர். நான் திருநெல்வேலியில் எப்.ஏ. தேறி, தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். நடத்தை விசாரணை ஒன்றுதான் பாக்கி. மற்ற வருஷங்களில் அது பெயருக்கு நடக்கும் காரியம். ஆனால் எங்கள் ஜில்லாவில் கலெக்டர் துரை சுடப்பட்டு அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. படித்த பையன்கள் நாலு பேர் ஒரு மரத்தடியில் நின்று பேசினால், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நின்று நிதானமாகச் சுருட்டுப் பற்றவைப்பார்.

அந்தத் தை மாதத்தில்தான் என்னோடு படித்த மூன்று பேர் மலைக்குக் கூப்பிட்டார்கள். ஒருவன் வக்கீல் மகன். ஒருவன் ஆற்றங்கரை அக்ரகாரத்துப் பையன். மூன்றாமவன் நிலபுலம் உள்ள சைவ வீட்டுப் பிள்ளை, நல்ல பாட்டுக்காரன். பாபநாசத்திலிருந்து காலையில் ஏறி, சேர்வலாற்றையும் காரையாற்றையும் கடந்து, சொரிமுத்தையனார் கோயிலைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்குவது என்று திட்டம்.

நான் தயங்கினேன்.

"ஏலே, நீ கச்சேரியில போய் உக்காந்துட்டா அப்புறம் எங்க வரப்போற? தாசில்தாருக்கு விசிறி வீசவே நேரம் பத்தாது" என்றான் பாட்டுக்காரன்.

போனேன்.

பாபநாசம் கோயிலைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் அந்த மனிதர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். தலைப்பாகை, கக்கத்தில் குடை, தோளில் ஒரு துணி மூட்டை. கால் வெறுங்கால்.

"மேலயா போறிய? ஒத்தையில போகப் பயமா இருக்கு. நானும் பைய ஒங்க பின்னால வாரேன்" என்றார்.

"வாங்க அண்ணாச்சி, எந்த ஊரு?" என்று கேட்டான் வக்கீல் மகன்.

"கங்கைகொண்டான் பக்கம். பட்டவராயனுக்கு ஒரு சோடி செருப்பு நேர்ந்திருக்கேன்."

பட்டவராயன் சொரிமுத்தையனார் கோயிலில் இருக்கும் காவல் சாமி. அவருக்குச் செருப்புத்தான் காணிக்கை. ராத்திரியில் அவர் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருவார், வைத்த செருப்பு நாளடைவில் தேய்ந்துபோகும் என்பார்கள். என் நண்பர்களுக்கு இது புதிய செய்தி. எனக்கு அப்படி இல்லை. ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டோடு வண்டி கட்டிக்கொண்டு போகிற கோயில் அது. எனக்குக் கடும் காய்ச்சல் கண்டு பிழைத்த வருஷம் அப்பா செருப்பு செய்யச் சொல்லி, அதைத் தலையில் வைத்தே கொண்டுபோனார். வழியில் தரையில்கூட வைக்கவில்லை. சாமிக்கு என்று ஆனபின் அதில் மனிதக் கால் படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

ஆகையால் முதலில் நான் அவரைச் சந்தேகிக்கவில்லை. நேர்ச்சைக்காரர், தை மாதத்தில் கூட்டம் இராது, துணை தேடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

முண்டந்துறைக் காட்டில் பாதை ஒற்றையடியாகக் குறுகியது. பனியில் நனைந்த சருகில் அட்டைகள். நாங்கள் நின்று நின்று புகையிலைச் சாற்றைக் காலில் தேய்த்துக்கொண்டோம். நாங்கள் நின்றபோதெல்லாம் அவரும் நின்றார். எங்களுக்குப் பத்தடி பின்னால்தான் நின்றார், கிட்டே வரவில்லை. நடக்கும்போது கேள்விகள் மட்டும் முன்னால் வந்தன. எங்கே படிக்கிறீர்கள், எந்தத் தெருவில் தங்கியிருக்கிறீர்கள், இந்த மாதிரி அடிக்கடி சேர்ந்து போவது உண்டா.

அக்ரகாரத்துப் பையன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் சுபாவம் அப்படி.

சேர்வலாற்றில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. அடியில் உடைந்த கல், கத்தி மாதிரி. நாங்கள் கையைக் கோர்த்துக்கொண்டு பாதி தூரம் போனபின் நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கரையில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார். புதுச் செருப்பு, தடித்த வார் வைத்தது. அதை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

நேர்ச்சை செய்துகொண்டவன் கால் துண்டாகப் போனாலும் அதைச் செய்யமாட்டான். யாரோ சொல்லிக்கொடுத்த கதையைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். அதன்பின் அவரிடம் எல்லாமே வேறாகத் தெரிந்தது. தலைப்பாகைக்குக் கீழே ஒட்ட வெட்டிய முடி. நடையில் ஒரு சீர்.

அக்கரையில் வக்கீல் மகனைத் தனியே இழுத்துச் சொன்னேன்.

"செருப்பைப் போட்டதுக்கா போலீசுங்கே? கல்லு குத்துது, போட்டாரு. உனக்கு வேலை வேலைன்னு ஒரே கிறுக்கு பிடிச்சிருக்குலே" என்று அவன் சிரித்தான்.

சாப்பிடும்போது அவர்கள் மூவரும் ஒரு பாறையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் வழக்கம்போல என் கட்டுச்சோற்றோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அந்த மனிதர் நேராக என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"தம்பி என்ன வேலைக்குப் பாக்கிய?" என்றார் மெல்ல.

"இன்னும் ஒண்ணும் முடிவாகலை."

"கெடைக்கும், கெடைக்கும். நல்ல பிள்ளையா இருந்தா கெடைக்கும்."

பாறையிலிருந்து மூன்று பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரையாறு இன்னும் வேகம். ஐந்து பேரும் கை கோர்த்தே இறங்கினோம். என் இடது கை அவர் பிடியில் இருந்தது. நடு ஆற்றில், இடுப்பளவு தண்ணீரில், பாட்டுக்காரன் அந்தக் காலத்தில் வாயைத் திறந்து பாடக்கூடாத சுதேசிப் பாட்டு ஒன்றை எடுத்தான். தொண்டை கிழியப் பாடினான். மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். பயத்தில் பிடித்தாரா, வேறு காரணத்துக்காகவா, எனக்குத் தெரியாது.

"வாயை மூடுலே" என்றேன்.

அவன் பாட்டை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தான். "யாருக்குலே பயப்படுத?"

அக்கரை ஏறியதும் அவர்கள் மூவரும் முன்னால் நடந்தார்கள். பேச்சு தாழ்ந்துவிட்டது. நான் கிட்டே போனால் அதுவும் நின்றது.

கோயிலில் அவர் செருப்பைக் கழற்றித் துண்டால் ஈரத்தைத் துடைத்துப் பட்டவராயன் சன்னதியில் வைத்தார். விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது நான் கேட்டேவிட்டேன்.

"சாமிக்குக் குடுக்கத நீங்க போடலாமா அண்ணாச்சி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடிக்கிற செருப்பை அவருக்குக் குடுத்துட்டு நான் எங்கன போய் நிக்கது? போட்டு நடந்து பாத்தேன். கடிக்கல. இப்ப குடுத்துட்டேன்."

பக்திமான் சொல்லக்கூடிய பதில் அது. கெட்டிக்காரப் பொய்யன் சொல்லக்கூடிய பதிலும் அதுவே. இறங்கும்போது அவர் எங்களோடு வரவில்லை. கோயிலில் தங்கிவிட்டுப் போவதாகச் சொன்னார்.

மாசி மாதம் போலீஸ் ஏட்டு ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கைகட்டி நின்றார்.

"மலைக்குப் போனீராமே. பாட்டெல்லாம் பலமாமே" என்றார் ஏட்டு.

"ஆத்து இரைச்சல் ஏட்டையா. எனக்கு ஒண்ணும் காதுல விழல."

"நடு ஆத்துல நின்னா அப்படித்தான்வே" என்று சொல்லி எழுந்து போனார்.

பாடியது நடு ஆற்றில் என்பது அங்கே கை கோர்த்து நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

பாட்டுக்காரன் வீட்டில் சோதனை போட்டார்கள். அவன் அப்பா மறு வாரமே அவனைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். பங்குனியில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. அப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார்.

வண்ணார்பேட்டையில் ஆற்றுப் பாலத்தின்மேல் வக்கீல் மகன் எதிரே வந்தான். நான்தான் நின்றேன். அவனும் நின்றான்.

"உத்தரவு வந்துட்டாம்லா" என்றான்.

"வந்துட்டு. நான் ஒண்ணும் சொல்லலடே. அந்தச் செருப்புக்காரர்தான். நான் அன்னைக்கே உங்கிட்ட சொன்னேன்லா?"

"சொன்னீரு. பத்தடி பின்னால வந்தவரைப் பத்தி எங்களுக்குச் சொன்னீரு. அவரு உம்ம பக்கத்துல வந்து உக்காந்து என்ன பேசினாருன்னு சொல்லலயே."

அவர் பேசியது இன்னது என்று அப்போது சொல்லியிருக்கலாம். நல்ல பிள்ளையாக இருந்தால் வேலை கிடைக்கும் என்றார் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? அவன் அப்பாவுக்குக் கச்சேரியில் எத்தனை பேரோடு பழக்கம் என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தது. பாட்டுச் செய்தி அந்த வழியாகவும் போயிருக்கலாம். அதை நானும் கேட்கவில்லை. அவன் வண்ணார்பேட்டைப் பக்கம் போனான். நான் கச்சேரிக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தேன்.