மஞ்சள்பூவின் அளவு

நைட்டி வேண்டும் என்று நைட்டியக்காவுக்குச் செய்தி அனுப்பினால், விலையைச் சொல்லமாட்டாள். உங்கள் சமையலறை மேடை இடுப்புக்கு மேலா கீழா என்று கேட்பாள். துணி காயப்போட மாடி ஏறுவீர்களா, படுத்தால் புரளுவீர்களா, சாவியை எங்கே வைத்துவிட்டுத் தேடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். "நைட்டி வாங்கறதுக்கு நேர்முகத் தேர்வா?" என்று ஒருத்தி எரிந்து விழுந்திருக்கிறாள். அவள் அதற்குப் பிறகு பதினாறு நைட்டி வாங்கிவிட்டாள் என்பது வேறு விஷயம்.

இந்தக் கேள்வி கேட்கும் புத்தி அவளுக்குத் தொழிற்சாலையில் வந்தது என்று சொல்லமுடியாது. அங்கே யாரும் அவளை எதுவும் கேட்க விட்டதில்லை. பதினைந்து வருடம், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, சட்டைக்குப் பாக்கெட் மட்டும் வைத்தாள். காலர் வேறொருத்தி, கை வேறொருத்தி. முழுச் சட்டையைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். அதைப் போடப்போகிறவன் குட்டையா நெட்டையா, நல்லவனா கெட்டவனா, ஒன்றும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். கைக்கு வந்த கொஞ்சத்தில் அங்கேயே ஒரு பழைய தையல் மிஷினை வாங்கி, வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் போட்டாள்.

புருஷன் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் ஐந்து நாள் ரோட்டில் இருப்பார். வீட்டில் துணைக்கு நாத்தனார். அவள்தான் ஃபேஸ்புக்கில் பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தாள். 'இன்றே கடைசி நாள்', 'முந்துங்கள்' என்றெல்லாம் எழுதிப் போட்டாள். நான்கு மாதம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கடைசி நாள் வந்துகொண்டே இருந்தது, வாங்குகிறவர்கள்தான் வரவில்லை.

அப்போதுதான் ஒரு செய்தி வந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் பூவின் படம். "பாக்கெட் இருக்கா?" என்று ஒரே வரி.

நைட்டியக்காவுக்குத் தட்டச்சு செய்ய வராது. குரலாகவே பதில் போட்டாள். "பதினஞ்சு வருஷம் பாக்கெட் மட்டுமே தச்சவம்மா நான். பாக்கெட் இல்லாம எனக்குத் துணியே வெட்ட வராது. உனக்கு எதைப் போட்டு வைக்கணும், சொல்லு. அந்த ஆழத்துக்கு வச்சுத் தர்றேன்."

எதிர்ப்பக்கமிருந்து சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கையில் விக்கல் மாதிரி ஒரு சத்தம். பள்ளிக்கூட நூலகத்தில் வேலையாம். ஏழு அலமாரிச் சாவி. வீட்டுக்கு வந்தும் அதைக் கீழே வைக்கப் பயமாம். ஏழு சாவி தாங்குகிற பாக்கெட்டோடு முதல் நைட்டி போனது. பார்சலில், வெட்டி மிஞ்சிய துணியில் ஒரு துண்டும் மடித்து வைத்தாள். துடைக்கவோ கட்டவோ ஆகுமே என்றுதான்.

மஞ்சள்பூ முகம் பார்க்காமல் ஃபேஸ்புக்கிலேயே பழகிய நாலு பேரைக் கூட்டிவந்தாள். அந்த நாலு பேர் நாற்பது பேரைக் கூட்டிவந்தார்கள். நாத்தனார் 'கடைசி நாள்' எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு குரூப் ஆரம்பித்தாள். நைட்டியக்கா ஒரு நீள நோட்டு போட்டாள். ஆளுக்கு ஒரு பக்கம். மார்பளவு, இறக்கம், கைத்துளை. அதற்குக் கீழே, 'இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். மாமியாரோடு பேச்சு இல்லை. பிங்க் கலர் காட்டினால் கோபம் வரும்.' இப்படி ஆயிரத்துச் சொச்சம் பக்கம். அந்த நோட்டின் முதல் பக்கம் மஞ்சள்பூவுடையது. மார்பளவு நாற்பது.

தினமும் காலை பதினொரு மணிக்கு, பார்சல் கட்டும் வேளையில், இரண்டு பேரும் குரலில் பேசிக்கொள்வார்கள். குக்கர் விசில் அடிக்காத கதை, நூலகத்தில் ஒருத்தன் புத்தகத்துக்குள் மிட்டாய் ஒளித்துவைத்து எறும்பு வந்த கதை. உலகத்தைப் புரட்டும் பேச்சு ஒன்றுமில்லை. ஆனாலும் பதினொன்று ஐந்து ஆகிச் சத்தம் வராவிட்டால் நைட்டியக்காவுக்கு ஊசியில் நூல் கோக்க வராது. மூன்று வருடம் இப்படி. முகம் பார்த்ததில்லை. "வீடியோல வாயேன்" என்றால், "முடி சரியில்லக்கா, அப்புறம்" என்பாள். போகட்டும் என்று விட்டுவிட்டாள். கூடப் பிறந்தவளிடம் சொல்லாததையெல்லாம் முகம் தெரியாத அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

நான்காம் வருடம் மஞ்சள்பூ ஒரு ஆர்டரோடு புது அளவு அனுப்பினாள். மார்பளவு முப்பத்தாறு.

சனிக்கிழமை சனிக்கிழமை நேரலையில் நைட்டிகளை விரித்துக் காட்டுவது வழக்கம். அன்றைக்கு முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைட்டியக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து நாலு இஞ்ச்சை விரலால் பிடித்துக் காட்டினாள்.

"எல்லாரும் நம்ம மஞ்சள்பூவைக் கேளுங்க! நாற்பதுல இருந்தவ முப்பத்தாறு ஆயிட்டா. இத்தனை இருந்துச்சு, காணோம்! என்ன ரகசியம்னு எங்கிட்டகூடச் சொல்லலை, கள்ளி! ஒருவேளை நம்ம நைட்டி போட்டாலே இளைக்குமோ என்னவோ!"

திரையில் இதயம் இதயமாகப் பறந்தது. 'டயட் சொல்லுங்க', 'எங்களுக்கும் சொல்லுங்க' என்று எழுதித் தள்ளினார்கள். மஞ்சள்பூ ஒரே வரி எழுதினாள்: 'சொன்னா எல்லாரும் இளைச்சிடுவீங்க.' பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். நாத்தனார் அந்த அரை நிமிடத்தை மட்டும் வெட்டி, 'நாலு இஞ்ச் ரகசியம்' என்று தலைப்புப் போட்டு, பக்கத்தின் உச்சியில் வைத்தாள். அந்த மாதம் மிஷினுக்கு ஓய்வே இல்லை. நைட்டியக்காவும் வேண்டாமென்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? விற்றதே!

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் அதோடு போயிற்று. இந்த வாய் இன்னொருத்தியையும் சேர்த்துக் குத்தியது.

பதினொரு மணிப் பேச்சு மெலிந்தது. "தொண்டை கட்டிக்கிச்சுக்கா" என்றாள் ஒருநாள். அப்புறம் எழுத்தில் இரண்டு வார்த்தை. அப்புறம் வெறும் கும்பிடும் கைப் படம். தான் பேசியது பிடிக்கவில்லையோ என்று நைட்டியக்காவுக்கு உறுத்தியது. உறுத்தலோடு இரண்டு வாரம் ஓட்டினாள்.

பிறகு ஆர்டர் வந்தது. 'முன்பக்கம் முழுக்க பட்டன் வேணும் அக்கா. வலது கை நல்லா தொளதொளன்னு, தோள் வரைக்கும் சுருட்டுற மாதிரி. பாக்கெட் மட்டும் இடது பக்கம் வைங்க.'

துணியை விரித்துச் சாக்பீஸைக் கையில் எடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தொழிற்சாலையின் கடைசி வருடத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு உடுப்பு தைத்தார்கள். அதில் ஆயிரம் உருப்படிக்குப் பாக்கெட் வைத்தவள் அவள். ஏன் இடது பக்கம் என்று மேற்பார்வையாளரைக் கேட்டதற்கு, "வலது கையில ஊசி ஏறிக்கிட்டிருக்கும்ல, எப்படி எடுப்பாங்க?" என்றார். அந்தத் தொழிற்சாலையில் அவள் கேட்டுப் பதில் கிடைத்த ஒரே கேள்வி அதுதான்.

நாத்தனார் உள்ளே வந்தபோது நைட்டியக்கா வெட்டாத துணிமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி?"

"அவ இளைக்கலடி. அவளுக்கு உடம்பு சரியில்ல. நான் டேப்பைத் தூக்கி ஊருக்கே காட்டினேனே!"

நாத்தனார் உடனே அந்த வீடியோவை நீக்கினாள். "எடுத்துட்டேன் அண்ணி. ஆனா நிறைய பேரு ஷேர் பண்ணியிருக்காங்க. அதையெல்லாம் நம்மால எடுக்க முடியாது."

மன்னிப்புக் கேட்டுக் குரல் பதிவு செய்ய உட்கார்ந்தாள் நைட்டியக்கா. பதினொரு முறை பேசி, பதினொரு முறையும் அழித்தாள். கடைசியில் நைட்டியைத் தைத்து அனுப்பிவிட்டு, "அளவு சரியா இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டாள். 'கச்சிதம் அக்கா' என்று பதில் வந்தது. ஆயிரம் பேரிடம் வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு, பேசவேண்டிய ஒருத்தியிடம் நாக்கு எழவில்லை.

அடுத்த ஆர்டரில் அளவு முப்பத்திநாலு. அதைப் பார்சல் கட்டவில்லை. நோட்டோடு சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கழுத்து டேப்பைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறினாள். ஐந்து மணி நேரம். மூன்று வருடமாகப் பார்சல் மேல் எழுதி எழுதி முகவரி மனப்பாடம். சைக்கிள் கடைக்கு அடுத்த வீடு, நீலக் கதவு, மூன்றாம் மாடி.

கதவைத் திறந்தவர் மஞ்சள்பூவின் புருஷன். யாரென்று கேட்டார். "நான்தான், துணி தைக்கிற..." என்று அவள் ஆரம்பித்ததுமே, "நைட்டியக்காவா! உங்க குரல் எனக்குத் தெரியாதா?" என்று வழிவிட்டார்.

ஜன்னலோரக் கட்டிலில் மஞ்சள்பூ சாய்ந்திருந்தாள். முன்பக்கப் பட்டன் வைத்த நைட்டி. இடது பாக்கெட்டில் போன். தலையில் முடி இல்லை. பார்சலோடு அனுப்பிய துண்டுத் துணிகளில் இரண்டை ஒட்டுப்போட்டுத் தலையில் கட்டியிருந்தாள். மூன்று வருடம் பார்க்காத முகத்தை நைட்டியக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள். பெரிய கண்கள். மற்றதெல்லாம் வற்றிப்போயிருந்தது.

"என் வாயில மண்ணு விழ. உன்னை வச்சு வியாபாரம் பண்ணிட்டேனேடி" என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். அன்றுதான் முதன்முதலாக அவளை 'டி' போட்டாள்.

மஞ்சள்பூ அவளை அழவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கோவம்தான்க்கா. ரெண்டு நாள் உங்க குரலைக் கேட்கவே பிடிக்கலை. அப்புறம் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இங்க வர்றவங்க எல்லாரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுறாங்க. உங்க குரூப்ல மட்டும்தான் என்னைப் பார்த்துப் பொறாமைப்படறாங்க." சிரித்தாள். அந்த விக்கல் மட்டும் அப்படியே இருந்தது. "அவங்ககிட்ட சொல்லிடாதீங்கக்கா. அங்கயாவது நான் நல்லா இருந்துட்டுப் போறேன்."

"சொல்லமாட்டேன். சத்தியமாச் சொல்லமாட்டேன்."

கொண்டுவந்த நைட்டியை மஞ்சள்பூவின் தோளில் வைத்துப் பார்த்தாள். தொங்கியது. கை தானாகக் கழுத்து டேப்பைத் தேடியது. மூன்று வருடத்தில் முதல்முறையாகத் தன் கையால் அவளை அளந்தாள். டேப் முப்பதில் நின்றது.

"முப்பத்திநாலுன்னு அனுப்பின?"

"முப்பதுன்னு சொன்னா நீங்க பஸ் ஏறி வந்துடுவீங்கன்னு தெரியும்."

"முப்பத்திநாலுக்கே வந்துட்டேனே."

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பது சரிதான். ஆனால் இந்த ஒரு உடம்பு தேய்வது நைட்டியக்காவின் விரலில் வலித்தது. நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பினாள். எழுத முடியவில்லை.

"நாற்பதுன்னே எழுதுங்க" என்றாள் மஞ்சள்பூ. "மஞ்சள் துணியில ஒண்ணு தச்சு வைங்க. உடம்பு தேறினதும் போட்டுக்கறேன். பாக்கெட் வலது பக்கம்."

நாற்பது என்றே எழுதினாள்.

திரும்பி வந்து மற்ற வேலையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அதைத்தான் முதலில் தைத்தாள். ஏழு சாவி தாங்குகிற பாக்கெட்டை இரட்டைத் தையல் போட்டு வலது பக்கம் வைத்தாள். இஸ்திரி போட்டு, முன்னறைச் சுவரில் மாட்டினாள். பத்தொன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு மஞ்சள்பூவின் எண்ணிலிருந்து குரல் செய்தி வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு அவள் குரல்! நைட்டியக்கா கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு அவசரமாக அழுத்தினாள்.

"அக்கா, நான் அவ வீட்டுக்காரர் பேசறேன்."

அதற்கு மேல் அந்தச் செய்தியில் பேச்சு இல்லை. பேச்சு தேவையாகவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நேரலை வேண்டாம் என்று நாத்தனார் கெஞ்சினாள். "நிறுத்தினா ஏன்னு கேப்பாங்கடி" என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள் நைட்டியக்கா. ஊதா நைட்டி காட்டினாள், கோடு போட்டதைக் காட்டினாள். பாதியில் ஒருத்தி எழுதினாள். 'பின்னாடி தொங்குதே மஞ்சள், அது எனக்கு.'

"அது மஞ்சள்பூவோடதும்மா."

'என்ன அளவு?'

"நாற்பது."

'அவங்கதான் இளைச்சிட்டாங்களே! நாற்பது எதுக்கு?'

போனைப் பிடித்திருந்த நாத்தனார் அதைக் கீழே இறக்கப் பார்த்தாள். திரையில் படம் சரிந்தது. நைட்டியக்கா மஞ்சள் நைட்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"பழையபடி நாற்பதுக்கே வந்துட்டாம்மா."

திரை முழுக்கச் சிரிப்பு முகங்கள் பறந்தன. 'நாங்க அப்பவே நினைச்சோம்' என்றாள் ஒருத்தி. 'டயட்டை விட்டுட்டாங்க போல, வரட்டும், கேக்கறோம்' என்றாள் இன்னொருத்தி.

"கேளுங்க, நல்லாக் கேளுங்க" என்று அவளும் சிரித்துவிட்டு, அடுத்த நைட்டியை எடுக்கக் குனிந்தாள். நிமிர வெகுநேரம் ஆனது.